ரோஜாப் பழமும் நம்ம ஊர் நெல்லிக்காயும்

(வானொலியில் பண்ணைச் செய்திகள் நேரத்தில் ஒலிபரப்பான பேச்சு)

கொஞ்ச நாளைக்கு முன்னாலே சேரம்பாடிப் பக்கம் போயிருந்தேன். தேயிலைக் கவாத்து, உரம் என்று வழக்கமான பேச்சு எல்லாம் முடிந்தது. புறப்படுகிற நேரத்தில் ஒரு தாயார் வந்தார். கொழுந்து பறிக்கிறவர். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். கோலிக்குண்டு அளவில், செம்மஞ்சள் நிறத்தில் ஏழெட்டுப் பழம்.

"சார், இது ரோஜாச் செடியிலே காய்ச்சதுங்க. பழைய பங்களா வேலியோரம் படர்ந்து கிடக்குது. பிள்ளைங்க பறிச்சுத் தின்னுட்டு வந்திருக்குதுங்க. ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டார்.

ரோஜா பூக்கும், தெரியும். ரோஜா காய்க்குமா என்று உங்களில் பலர் யோசிப்பீர்கள். காய்க்கும். நாம் தான் அதைக் காய்க்க விடுவதில்லை. பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம், சாமிக்குப் போடுகிறோம். பூந்தோட்டங்களிலே என்றால் வாடின பூவை அன்றைக்கே கிள்ளிவிடுவார்கள், அடுத்த பூ வர வேண்டுமே! கேட்பாரில்லாமல் வேலியில் படர்ந்து கிடக்கிற ஒற்றை அடுக்கு ரோஜாவில்தான் பூவின் இதழ் உதிர்ந்து, அடியில் இருக்கிற குடுவை பருத்து, பழுத்து நிற்கும். ஆப்பிள், பேரி, பிளம்ஸ் எல்லாம் ரோஜாவுக்குப் பங்காளிகள்தான், ஒரே குடும்பத்துச் செடிகள். ஆப்பிளின் காம்புக்கு எதிர்ப் பக்கத்தில் காய்ந்த இதழ் மாதிரி ஒரு கொத்து இருக்கும் பாருங்கள், அதே கொத்து இந்த ரோஜாப் பழத்திலும் இருக்கும்.

அந்தத் தாயாருக்கு அப்போது சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். ரோஜாப் பழம் விஷம் இல்லை. மேல் சதையைத் தின்னலாம். ஆனால் உள்ளே விதையைச் சுற்றிப் பஞ்சு மாதிரி நுணுக்கமான சுணை இருக்கும். அது தொண்டையிலும் வயிற்றிலும் அரிக்கும். வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களில் குறும்புக்காரப் பையன்கள் அந்தச் சுணையைத்தான் எடுத்து அடுத்தவன் சட்டைக்குள் போட்டு அரிக்க வைப்பார்களாம். ஆகையால் பழத்தை இரண்டாகப் பிளந்து, விதையையும் சுணையையும் சுத்தமாக வழித்துப் போட்டுவிட்டு, தோலோடு ஒட்டிய சதையை மட்டும் கொடுக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்கிற அலங்காரச் செடியிலிருந்து மட்டும் பறிக்கவே கூடாது.

இவ்வளவு சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது அந்த அம்மாவின் முகம் கண்ணிலேயே நின்றது. உதடு வெளுத்து, கண்ணின் கீழிமை வெளுத்து, நகம் வெளுத்து இருந்தது. பிள்ளைகள் தின்ற பழத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டார். அவரைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பழத்தில் இருக்கிற சத்து அவருக்கல்லவா வேண்டும் என்று தோன்றியது. அதனாலே இன்றைக்கு அந்தச் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம் என்று இருக்கிறேன்.

ரோஜாப் பழத்தில் இருக்கிற முக்கியமான சத்து வைட்டமின் 'சி'. அமெரிக்க நாட்டு உணவு அட்டவணையில் 100 கிராம் காட்டு ரோஜாப் பழத்துக்கு 426 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்திலே 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். அப்படியானால் எட்டு மடங்குக்கு மேல்! அது போக சுண்ணாம்புச் சத்து, நார்ச் சத்து, அந்தச் செம்மஞ்சள் நிறத்தைத் தருகிற கரோட்டீன் எல்லாம் உண்டு. எல்லா ரோஜாவிலும் இந்த அளவு இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜாதிக்கு ஜாதி, இடத்துக்கு இடம் மாறும். குளிர் நாட்டுக் காட்டு ரோஜாவில்தான் சத்து கூடுதல்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்து நாட்டுக்கு இந்தப் பழம் பெரிய உதவி செய்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஆரஞ்சு, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பயந்து வராமல் போயிற்று. குழந்தைகளுக்கு வைட்டமின் 'சி'க்கு எங்கே போவது? 1941-ஆம் ஆண்டு அரசாங்கமே ஒரு திட்டம் போட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெண்களும் வேலியோரக் காட்டு ரோஜாப் பழங்களைக் கூடை கூடையாகப் பறித்துக் கொடுத்தார்கள். அதைக் காய்ச்சி, சுணை போக இரண்டு தரம் துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்துப் பாகாக்கிப் பாட்டிலில் அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாகு செய்கிற முறையில் ஒரு நுணுக்கம் உண்டு, நம் சமையலுக்கும் அது பயன்படும், பிறகு சொல்கிறேன்.

சரி, அது சீமைக் கதை. நம்மிடம் என்ன இருக்கிறது?

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் நீலகிரி மலையிலேயே, குன்னூரிலேயே பதில் இருந்தது. இந்தியாவில் சாப்பாட்டுச் சத்தைப் பற்றிய ஆராய்ச்சி முதன் முதலாக வேரூன்றியது எங்கே தெரியுமா? குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில். 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் அங்கே பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அவர் பண்ணின எலிச் சோதனை ஒன்று பிரசித்தம். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாபி எலி கொழுகொழு என்று இருந்தது. தீட்டின அரிசிச் சோறு தின்ற நம்ம மதராஸ் எலி சோனியாகப் போய்விட்டது. சோற்றைக் குவித்துக் காய்கறியைத் தொட்டுக்கொள்கிற பழக்கத்தை அந்த எலி அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிட்டது! நாம்தான் இன்னும் திருந்தவில்லை.

மெக்காரிசனுக்குப் பிறகு வந்தவர் அய்க்ராய்டு. 1937-இல் இந்திய உணவுப் பொருள்களில் எதில் என்ன சத்து, எவ்வளவு என்று ஒரு சிறு புத்தகம் குன்னூரிலிருந்து வெளியிட்டார். நம் நாட்டுக் கீரைக்கும் கிழங்குக்கும் கணக்குப் போட்ட புத்தகம் அது. அந்தக் காலத்து ஆராய்ச்சிகளில் வைட்டமின் 'சி'யில் முதலிடத்துக்கு வந்து நின்றது எது என்று நினைக்கிறீர்கள்? நம்ம நெல்லிக்காய். மலை நெல்லி, காட்டு நெல்லி என்று சொல்கிறோமே, அந்தப் பெருநெல்லி. புளிக்கிற சின்ன அரைநெல்லி இல்லை. 1939–40-இல் வடக்கே ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் வந்து, பச்சைக் காய்கறி இல்லாமல் ஜனங்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் ஒழுகுகிற ஸ்கர்வி நோய் கண்டபோது, நெல்லிக்காயைக் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். போர்க் காலத்தில் பட்டாளத்துக்கும் நெல்லிப் பொடியும் வில்லையும் போயின. சீமைக்காரன் ரோஜாப் பழத்தைப் பறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நம்மவர்கள் நெல்லியை நாடினார்கள்.

அந்த ஆராய்ச்சிக் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயரில் நடந்து வருகிறது. குன்னூரில் பிறந்த பிள்ளை ஐதராபாத்துக்கு வாழப் போன மாதிரி.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பழைய புத்தகங்களில் 100 கிராம் நெல்லிக்காய்க்கு 600 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் அதைத்தான் சொல்வார்கள். ஐதராபாத் நிறுவனம் நாடெங்கும் காய்களைச் சேகரித்துப் புதிய கருவிகளில் அளந்து 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் அது 250-ஐ ஒட்டி வருகிறது. குறைந்துவிட்டதே என்று முகம் சுளிக்க வேண்டாம். அளக்கிற முறை மாறியிருக்கிறது, காயின் ரகமும் மாறியிருக்கிறது. 250 என்றாலும் சாதாரணமா? ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65, கர்ப்பிணிக்கு 80, பால் கொடுக்கிற தாய்க்கு 115 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. தோட்டத்து நெல்லிக்காய் ஒன்று 40 கிராம் இருந்தால், கொட்டை போக 35 கிராம் சதை. ஒரே ஒரு காயில் ஒரு ஆளின் ஒரு நாள் தேவை முடிந்தது! காட்டுக் காய் சிறிசு, நாலு வேண்டியிருக்கும்.

நெல்லிக்கு அடுத்தது கொய்யா. 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக் கீரையில் 100-ஐ ஒட்டி உண்டு, ஆனால் வேகும்போது பாதிக்கு மேல் போய்விடும். பச்சை மிளகாயிலும் நிறைய உண்டு, உங்கள் வேலியில் காய்க்கிற காந்தாரியும் மிளகாய் இனம்தான். ஆனால் யார் மிளகாயை 100 கிராம் தின்ன முடியும்? ரோஜாப் பழம் கணக்கில் பெரிசாக இருந்தாலும் அதன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பழத்தில் பெரும்பங்கு விதையும் சுணையும். சதை காகிதக் கனம். நம் பக்கத்தில் அது காய்ப்பதும் கைப்பிடி அளவு. ஒரு கொய்யாப் பழம் செய்கிற வேலையைச் செய்ய அரை நாள் உட்கார்ந்து சுணை வழிக்க வேண்டும்.

இப்போது அந்த வெளுத்த முகத்துக்கு வருகிறேன். இதுதான் இன்றைய பேச்சில் முக்கியம், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேலே! மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், கூடையோடு நிமிர்ந்தால் கண் இருட்டும், கை கால் அசந்து போகும். பேறுகாலத்தில் தாய்க்கு உயிராபத்து, பிள்ளை எடை குறைந்து பிறக்கும். ரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். "நாங்கதான் கேழ்வரகும் கீரையும் திங்கிறோமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கீரை, தானியம், பருப்பில் இருக்கிற இரும்பு கறி, மீனில் இருக்கிற இரும்பு மாதிரி லேசில் உடம்பில் ஒட்டாது. தின்றதில் பெரும்பங்கு வந்த வழியே போய்விடும். அதைப் பிடித்து உடம்பில் சேர்க்கிற ஆள் வைட்டமின் 'சி'. வயிற்றுக்குள்ளே இரும்பைக் கரையும் உருவத்துக்கு மாற்றி, குடல் உறிஞ்சிக்கொள்ள வழி பண்ணுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டும் ஒரே வேளையில், ஒரே சாப்பாட்டில் சந்திக்க வேண்டும். காலையில் கீரையும் சாயங்காலம் கொய்யாவும் என்றால் அந்த வேலை நடக்காது.

இதை வெறும் வாய்ப் பேச்சாகச் சொல்லவில்லை. பரோடாவில் ரத்தசோகை உள்ள சின்னக் குழந்தைகளுக்கு, வேறு எந்த மருந்தும் இல்லாமல், இரண்டு வேளைச் சாப்பாட்டோடும் 100 மில்லிகிராம் வைட்டமின் 'சி' மட்டும் 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ரத்தம் ஊறியது. 1985-இல் வெளியான ஆய்வு அது. குன்னூரில் பிறந்ததென்று சொன்னேனே, அந்த ஐதராபாத் நிறுவனத்தார் 2013-இல் இன்னொன்று வெளியிட்டார்கள். வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்குச் சோற்றுச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாப் பழம், 100 கிராம்தான் கொடுத்தார்கள். உடம்பில் ஒட்டிய இரும்பு இரண்டு மடங்காகக் கூடியது. அதே சோறு, அதே குழம்பு. கூட ஒரு பழம்.

இதற்கு நேர்மாறாக, இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆளும் ஒன்று உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாமே வளர்க்கிற தேயிலைதான்!

தேநீரில் இருக்கிற துவர்ப்புச் சரக்கு, டானின் என்பார்கள், இரும்போடு பிணைந்துகொண்டு அதைக் கரைய விடாமல் பண்ணும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்து, கூடவே டீயும் கொடுத்துப் பார்த்தபோது இரும்பு ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது என்று 1975-இலேயே எழுதிவிட்டார்கள். நம் மலையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் அடுப்பு மூட்டி, இருக்கிற ரொட்டியையோ சோற்றையோ சாயத்தண்ணியோடு முழுங்கிவிட்டு மலைக்கு ஓட வேண்டும். மத்தியானம் தூக்குச் சட்டியில் சோறு, பக்கத்திலேயே பாட்டிலில் சாயத்தண்ணி. எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டன் சாயா என்பார்கள், பெயர்தான் வேறு. மழையிலும் குளிரிலும் நின்று வேலை செய்கிறவர்களிடம் டீ குடிக்காதே என்று நான் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டீர்கள். நானும் குடிக்கிறவன்தான். டீ குடியுங்கள், ஆனால் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் போகட்டும். சாப்பாட்டுக்கு முந்தியும் அதே மாதிரி இடைவெளி விடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் குடிக்க வெந்நீர் இருக்கட்டும், ஒரு துண்டு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ சோற்றோடு இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் தருகிற இரும்பு மாத்திரைக்கும் இதே சட்டம்தான். மாத்திரையை டீயிலோ பாலிலோ போடாதீர்கள், எலுமிச்சைத் தண்ணீரில் போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவது இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களில் சிலருக்குப் பரம்பரையாக வருகிற அரிவாள் செல் சோகை உண்டு. சிலருக்கு வயிற்றில் கொக்கிப்புழு இருக்கும். அடிக்கடி மூட்டுவலி, மஞ்சள் கண், குழந்தைக்குக் கை கால் வீக்கம் என்று இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னாலே இரும்பு மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்க வேண்டாம்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கென்றே இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், சேரம்பாடியிலும் அந்தக் குடும்பங்கள் நிறைய. அங்கேயிருந்து நீங்கள் கொண்டு வந்த பழக்கத்தில் ஒன்று, வல்லாரையைப் பச்சையாகப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப் பூ, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, எலுமிச்சை பிழிந்து பிசைகிற சம்பல். சத்துக் கணக்கில் பார்த்தால் அப்படியொரு சமையலை நானாக யோசித்தாலும் சொல்லிக் கொடுக்க முடியாது. கீரையில் இரும்பு, எலுமிச்சையில் 'சி', நெருப்பே கிடையாது! பாட்டிமார் செய்ததைப் பேத்திமார் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். வல்லாரை ஓடையோரம் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. ஒன்றே ஒன்று, களைக்கொல்லி அடித்த தேயிலைக் காட்டு வாய்க்காலில் மட்டும் கீரை கிள்ளாதீர்கள். வீட்டுப் பக்கம் ஈரமான இடத்தில் நாலு கொடி நட்டு வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகக் கழுவிச் செய்யுங்கள்.

சமையலில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன் என்று பாக்கி வைத்தேன் அல்லவா? வைட்டமின் 'சி'க்கு மூன்று எதிரி. சூடு, காற்று, தண்ணீர். நறுக்கி வைத்தால் காற்றில் அழியும், வேகவைத்தால் சூட்டில் அழியும், அலசினால் தண்ணீரோடு போகும். இங்கிலாந்தில் ரோஜாப் பழத்தை நசுக்கிய உடனே, ஒரு நிமிஷம்கூட வைக்காமல், ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீரில் கொட்டச் சொன்னார்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்ல மெல்லச் சூடாக்கினால், பழத்திலேயே இருக்கிற ஒரு ரசம் அந்தச் சத்தைத் தின்றுவிடும். கொதிக்கிற தண்ணீரில் விழுந்தால் அந்த ரசம் உடனே செத்துப்போகும், சத்து தப்பிக்கும். நம் கீரைக்கும் அதேதான். தண்ணீர் கொதித்த பிறகு கீரையைப் போட்டு, வெந்ததும் இறக்குங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், செம்பு பட்டால் இந்தச் சத்து சீக்கிரம் கெட்டுவிடும். மண்சட்டி, எவர்சில்வர், பீங்கான் ஜாடி நல்லது.

நெல்லிக்காய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து 'சி' சத்தைக் காவல் காக்கின்றன. அதனாலே காய்ந்தாலும் ஊறினாலும் மற்றக் காய்களைப் போல முழுக்க இழந்துவிடாது. கொதித்து ஆறின உப்புத் தண்ணீரில் கீறிப் போட்டு ஜாடியில் வைத்தால் மழைக்காலம் பூராவும் வரும். அந்த ஊறல் தண்ணீரிலும் சத்து இறங்கியிருக்கும், ரசத்தை இறக்கின பிறகு ஒரு கரண்டி விட்டுக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு ஊறலைத் தள்ளிவிட்டுப் பச்சையாகத் தயிர்ப் பச்சடி, துவையல் செய்துகொள்ளுங்கள். தேன்நெல்லி என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்பதற்காக எப்போதாவது கொடுக்கலாம், அவ்வளவுதான்.

காட்டில் நெல்லி பறிக்கிற உரிமை உள்ள பழங்குடிச் சகோதரர்கள் கிளையை வெட்டிச் சாய்க்காமல் காயை மட்டும் பறித்தால் அடுத்த வருஷமும் அதே மரம் கொடுக்கும். மற்றவர்கள் வீட்டோரம் இரண்டு மரம் வைக்கலாம். நம் ஊர் மழைக்கு நெல்லி தாங்குமா என்று கேட்பீர்கள். மழையைத் தாங்கும், வேரில் தேங்குகிற தண்ணீரைத் தாங்காது. ஆகவே பள்ளத்தில் வைக்காதீர்கள், சரிவில், வெயில் படுகிற எல்லையோரம் வையுங்கள். மூன்றடி நீள அகல ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, மண்ணைச் சற்று மேடாகக் கூட்டி நடுங்கள். ஆடி மாசம் கொட்டுகிற மழையில் நடாமல், மழை தணிந்து ஈரம் இருக்கும்போது நட்டால் பிழைக்கும். ஒட்டுக் கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கும். பவானிசாகரில் கண்டுபிடித்த பி.எஸ்.ஆர். 1 உண்டு, கிருஷ்ணா, காஞ்சன், என்.ஏ. 7 என்று வேறு ரகங்களும் உண்டு. ஒரே ரகமாக வைத்தால் காய்ப்பிடிப்புக் குறையும், இரண்டு ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆறு மீட்டர் இடைவெளி போதும்.

அத்தனை வருஷம் பொறுக்க முடியாதவர்களுக்குக் கொய்யா. பதியன் கன்று இரண்டு மூன்று வருஷத்திலேயே காய்க்கத் தொடங்கிவிடும். லக்னோ 49 நல்ல ரகம். மழைக் காலத்தில் பழ ஈ குத்திப் புழு வைத்துவிடும் என்பதால் செங்காயாகவே பறித்துவிடுங்கள், சத்துக்கு ஒன்றும் குறைவில்லை. விழுந்த பழத்தை அன்றாடம் பொறுக்கிக் குழியில் புதைத்து மூடுங்கள். பழ ஈ மட்டும் அல்ல, பழ வாசனைக்குக் குரங்கும் யானையும் வந்து நிற்கிற ஊர் நம்முடையது. வாசல் பக்கம் பலாவை வைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முந்தானையில் ரோஜாப் பழம் கொண்டு வந்த அந்தத் தாயார் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மா, பிள்ளைகள் பறித்ததில் விதையும் சுணையும் வழித்த தோல் சதையை நீங்களும் இரண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். நாளைக்கு மலைக்குப் போகும்போது தூக்குச் சட்டியில் ஒரு கொய்யாவை வையுங்கள். சாயத்தண்ணி பாட்டிலைச் சாப்பிட்டு முடித்த கையோடு திறக்காமல், அடுத்த நிரையில் பாதி தூரம் பறித்த பிறகு திறந்துகொள்ளுங்கள்.